ஒற்றைப்படை மூச்சு

பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று. இந்த மூன்று எண்களுக்கும் நான் பயப்பட ஆரம்பித்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. கணக்கில் பட்டம் வாங்கியவள் எண்ணைக் கண்டு பயப்படுகிறாள் என்றால் ஊர் சிரிக்கும் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. நம் வீடுகளில் ஒற்றைப்படை என்றால் நல்லது. சீர்வரிசைத் தட்டு ஒன்பது வைப்பார்கள், பதினொன்று வைப்பார்கள். தவறிப் பத்து வைத்துவிட்டால் ஏதாவது ஒரு அத்தை மூக்கைச் சுளிப்பார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் நான்.

கிள்ளானில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். அதன் மூன்றாம் மாடியில், மருந்துக் கிடங்கை அடுத்த சிறிய அறையில் எனக்கு வேலை. வார்டில் படுத்திருப்பவர்களில் யாருக்கு உடம்பு திடீரென்று மோசமாகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். நோயாளியை நான் பார்ப்பதில்லை. அவர்களுடைய எண்கள்தான் என்னிடம் வரும்: காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளில் மிஸி எழுதுவாள். நர்ஸை இங்கே எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். சாயங்காலத்துக்குள் அந்த எண்களெல்லாம் கணினியில் ஏறி என் மேசைக்கு வந்துவிடும்.

வீடு பிரிக்பீல்ட்ஸில். அம்மா போன பிறகு அப்பா என்னோடுதான் இருந்தார். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் நான் கொமுட்டர் ரயிலைப் பிடிக்கச் செருப்பை மாட்டும்போது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். இன்றைக்கு யாருக்கு முடிவு என்று கண்டுபிடித்தாயிற்றா என்று கேட்பார். நான் செய்வது பேய்சியன் கணக்கு என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கோவிலில், அதாவது எங்கள் மெதடிஸ்ட் சர்ச்சில், தன் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் என் பெண் பேய்க்கணக்கு பார்க்கிறாள் என்று சொல்லித் திரிந்தார். அந்த நகைச்சுவை எனக்கு இரண்டாம் தடவையே சலித்துவிட்டது. அவருக்குக் கடைசிவரை சலிக்கவில்லை.

பேய்க்கணக்கில் மந்திரம் எதுவுமில்லை. ஒரு விஷயத்தைப் பற்றி முதலில் ஒரு நம்பிக்கை வைத்துக்கொள்கிறோம். பிறகு சான்று வருகிறது. அந்தச் சான்றுக்கு எவ்வளவு பெறுமானமோ அவ்வளவு தூரம் நம்பிக்கையை நகர்த்துகிறோம், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. எங்கள் தெருமுனையில் பீசாங் கோரேங் என்கிற வாழைப்பழப் பஜ்ஜி பொரிக்கும் அக்கா நல்ல வெயிலில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் நான் துணியை உள்ளே எடுத்துவிடுவேன். வானத்தை நான் பார்க்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள், அது போதும். எல்லா மனிதரும் நாள் முழுக்கச் செய்கிற காரியம்தான் இது. நான் அதைச் சம்பளத்துக்குச் செய்கிறேன்.

எந்த எண் எவ்வளவு ஆபத்தைச் சொல்கிறது என்று கண்டுபிடிக்க, அந்த வருடம் பழைய நோயாளிகளின் தாள்களையெல்லாம் கணக்கில் ஏற்றினேன். மூச்சு வேகமாக வேகமாக ஆபத்து ஏற வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்தது. நிமிடத்துக்குப் பதினாறு என்றால் கவலையில்லை, இருபத்தெட்டு என்றால் ஓட வேண்டும். படம் வரைந்தால் கோடு மெல்ல மேலே போகும் என்று எதிர்பார்த்தேன். வந்ததோ ரம்பத்தின் பல். பதினாறில் கீழே, பதினேழில் மேலே, பதினெட்டில் மறுபடி கீழே, பத்தொன்பதில் மேலே. இருபது மூச்சு விட்டவர் பிழைத்தார். பத்தொன்பது விட்டவர்களில் செத்தவர்கள் அதிகம்.

சிரித்துவிட்டேன். எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன் என்று நினைத்து முதலிலிருந்து ஓட்டினேன். அதே ரம்பம். ஒற்றைப்படை எண்ணுக்கு அர்த்தம் எதுவும் இருக்க முடியாது என்ற என் நம்பிக்கையையும் கணக்கிலேயே சேர்த்தேன். முழுப் பூஜ்யம் வைக்கக் கூடாது, பூஜ்யத்தில் ஆரம்பித்தவனை எந்தச் சான்றும் அசைக்காது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதனால் பூஜ்யத்துக்கு ஒட்டி வைத்தேன். சான்று அந்த நம்பிக்கையைப் பிடித்து, முரண்டு பிடிக்கிற மாட்டை இழுப்பதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போயிற்று.

பக்கத்து மேசைக்காரர் சீனர், என்னைவிட மூத்தவர், சாதாரணமாக எதற்கும் அசையாதவர். அவரிடம் காட்டினேன். அரை நாள் உட்கார்ந்து என் வேலையில் தப்புத் தேடினார். கிடைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இதை இனிமேல் என்னிடம் காட்டாதே என்றார்.

அப்புறம்தான் நான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். படத்தை மூடிவிட்டு ஆள் ஆளாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு பெண்மணி, அறுபத்தொரு வயது: பதினெட்டு, பதினெட்டு, இருபது, பதினெட்டு, பதினேழு. அதற்குப் பிறகு அவருக்கு எண் இல்லை. ஒரு லோரி ஓட்டுநர்: இருபது, இருபது, பதினெட்டு, பத்தொன்பது. வரிசை அதோடு நின்றுவிட்டது. ஒற்றைப்படை எழுதப்பட்டவர்களில் பெரும்பாலோர் நலமாக வீட்டுக்குப் போனார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் போகாதவர்களின் வரிசையில் திரும்பத் திரும்ப, கடைசிக்கு முன்னால், வேகமும் இல்லாத மந்தமும் இல்லாத, எந்த மருத்துவரும் ஏறெடுத்துப் பார்க்காத அந்த எண் உட்கார்ந்திருந்தது. பகல் பதினொரு மணி, ஜன்னலில் சுள்ளென்று வெயில். நான் எழுந்து போய்க் குளிர்சாதனத்தை அணைத்தேன்.

அதிலிருந்து ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டது. ரயிலில் தூங்குகிறவர்களின் மூச்சை எண்ண ஆரம்பித்தேன். கொமுட்டரில் சுபாங் ஜெயா தாண்டினால் பாதிப் பெட்டி தூங்கும். ஒரு மலாய்க்கார அம்மாவின் தோள் ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன், பதினாறு. எதிரில் சட்டைப் பையில் பேனா குத்திய ஒரு பெரியவர், பத்தொன்பது. ஷா ஆலமில் அவர் எழுந்து இறங்கிப் போகும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வது? அங்கிள், உங்கள் மூச்சு ஒற்றைப்படையில் இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லவா முடியும்?

வீட்டில் அப்பா நாற்காலியில் மதியத் தூக்கம் போடும்போதும் எண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பதாவது வினாடியில் அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"என்னம்மா, என் மூச்சையா எண்ணுற? இன்னும் ஸ்டாக் இருக்குலா."

எனக்குக் கோபம் வந்தது. சமையலறைக்குப் போய்த் தேவையில்லாமல் பாத்திரம் கழுவினேன்.

கடைசியில், மேலே உட்கார்ந்து பயந்தது போதும் என்று ஒரு நாள் வார்டுக்கு இறங்கிப் போனேன். எலும்பு முறிவுக்காரர்களும் அறுவை முடிந்தவர்களும் படுக்கிற ஆண்கள் வார்டு. அங்கே ஒரு தமிழ் மிஸி, முப்பது வயதிருக்கும், சாப்பாட்டு அறையில் இரண்டொரு முறை என்னோடு பேசியவள். மூச்சை எப்படி எண்ணுவாய் என்று கேட்டேன். என்னைச் சோதனை போட வந்தவள் என்று நினைத்து, ஒரு நிமிடம் பார்த்து எண்ண வேண்டும் என்று பாடம் ஒப்பித்தாள். அதை விடு, நீ எப்படி எண்ணுவாய் என்றேன். தலைமை மிஸி இல்லாத பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

"முப்பது செகண்ட் எண்ணி டபுள் பண்ணிருவோம்க்கா. இருபத்தெட்டு கட்டில்லா, எப்படி நின்னு எண்ணுறது? எனக்கு மனசுக்கு என்னமோ மாதிரி இருந்தா மட்டும்தான் முழு நிமிஷம் நிப்பேன்."

என்ன மாதிரி என்று கேட்டேன். மூஞ்சியைப் பார்த்தால் தெரியும், சொல்லத் தெரியாது என்றாள். சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியோடு நகர்ந்துவிட்டாள்.

நான் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றேன். அரை நிமிடத்தை இரட்டித்தால் எப்போதும் இரட்டைப்படைதான் வரும். பதினேழு வர வேண்டுமானால் ஒருத்தி ஒரு முழு நிமிடம் அங்கே நின்றிருக்க வேண்டும். இத்தனை நாள் நான் நோயாளியின் மூச்சில் தேடியது மிஸியின் பயத்தை. அவளுக்கே பெயர் தெரியாத ஒரு பயம், காய்ச்சலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முன்னால் வந்து, தாளில் ஒற்றைப்படையாக விழுந்திருக்கிறது. இவ்வளவு சுலபமான விளக்கம் கிடைத்தால் திகில் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. சாவு வருவதற்கு முன்னால் இந்த வார்டில் அதைக் கண்டுகொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் தங்களை அறியாமல் அதை எழுதியும் வைக்கிறார்கள் என்பது என்னை முன்னைவிட அதிகமாகத்தான் மயிர்க்கூச்செறிய வைத்தது.

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். கெட்டிக்காரிக்குச் சும்மா இருக்க வராது. நிர்வாகக் கூட்டத்தில் ரம்பப் படத்தைத் திரையில் போட்டேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அபாயத்தைச் சொல்லும் புதிய அறிகுறி கிடைத்துவிட்டது, இதை வீணாக்கக் கூடாது என்றார்கள். மூச்சு ஒற்றைப்படையில் பதிவானால் மிஸி உடனே வார்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும், ஒரு ஃபார்ம் நிரப்ப வேண்டும் என்று முடிவாயிற்று. ஃபார்மை யார் தயாரிப்பது என்று கேட்டார்கள். நான் என்றேன். இரண்டு பக்கம், பதினான்கு கேள்வி. கவலைக்கான காரணத்தை விவரிக்கவும் என்பது நான்காவது. காரணம் சொல்லத் தெரியாது என்று அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகும் அந்தக் கேள்வியை எழுதினேன்.

முதல் மாதம் ஃபார்ம்கள் வந்தன. இரண்டாம் மாதம் குறைந்தன. மூன்றாம் மாதம் ஒன்றிரண்டுதான். கணினியில் பார்த்தால் வார்டு முழுக்கப் பதினெட்டு, இருபது, பதினெட்டு, பதினெட்டு. இருபத்தெட்டு கட்டிலிலும் இருபத்தெட்டு பேர் ஒரே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டு கிடப்பதாக அந்தத் தாள்கள் சொல்லின. ஒரு கணம் எனக்கு உறைத்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அபாயம் குறைந்துவருகிறது என்று என் கணக்கே சொல்லும்போது அதை மறுக்க எனக்கு என்ன வந்தது? அடுத்த கூட்டத்தில் குறைந்துவரும் கோட்டைக் காட்டினேன். கைதட்டினார்கள். அப்பாவிடம் சொன்னேன். பேய்களை விரட்டிவிட்டாயா என்றார்.

அந்த வருடக் கடைசியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர் பக்கத்திலேயே இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்றார். நான்தான் பிடிவாதமாகக் கிள்ளானுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். என் இடம், என் ஆட்கள், என் கண்காணிப்பு. அறுவை நன்றாக நடந்தது. என் அறைக்கு நேர் கீழே, அந்த ஆண்கள் வார்டிலேயே, ஜன்னலோரக் கட்டில். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து, மருத்துவமனைக் கஞ்சியைப் பற்றி அந்த மிஸியிடம் புகார் செய்தார். அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

மூன்றாம் நாள் பார்வை நேரம் பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தது. நான் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு இறங்கினேன். அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. எப்படியிருக்கிறது என்றேன். காற்று பத்தாத மாதிரி இருக்கிறது, இந்த மூலைக்கு மின்விசிறி எட்டவில்லை என்றார். கால்மாட்டில் தொங்கிய தாளை எடுத்துப் பார்த்தேன். நேற்று சாயங்காலம் பதினெட்டு. காலை ஆறு மணிக்குப் பதினெட்டு. பத்து மணிக்கு இருபது.

எல்லாம் இரட்டைப்படை. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த நிம்மதி எனக்கு இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது, அதுதான் கொடுமை. மின்விசிறியைத் திருப்பி வைக்கச் சொன்னேன். சோற்றை நான்கு வாய் ஊட்டினேன். ஐந்தாவதை வேண்டாமென்று கையால் தடுத்தார். தூங்கட்டும் என்று போர்வையை இழுத்துவிட்டு மேலே போனேன். ரயிலில் முன்பின் தெரியாதவர்களை எத்தனையோ நாள் எண்ணியிருக்கிறேன். அன்று மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது, அவர் நெஞ்சு என் கண்ணெதிரில் ஏறி இறங்கியது. நான் எண்ணவில்லை. தாளை நம்பினேன்.

நான்கு மணிக்கு வழக்கமான மழை அடித்துப் பெய்ய ஆரம்பித்தது. வார்டிலிருந்து போன் வந்தது. படிக்கட்டில் ஓடினேன். அப்பா கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். உள்ளே நிறையக் காலணிகள் தெரிந்தன. காலில் உறைந்த ரத்தம் கட்டியாகி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று பிறகு விளக்கினார்கள். இந்த அறுவைக்குப் பிறகு நடக்கக்கூடியதுதான், காலையிலேயே சந்தேகப்பட்டிருந்தால் ஒருவேளை ஏதாவது செய்திருக்கலாம் என்றார் மருத்துவர், சொல்லிவிட்டுச் சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் என்னைப் பார்த்தார். அந்தத் திரையை ஐந்து மணிக்கு விலக்கினார்கள். என் அப்பா இறந்துபோயிருந்தார்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். அன்று மதியம் அந்த மிஸி என் அறைக்கு வந்தாள். சீனர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே எழுந்து வெளியே போனார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கையில் ஒன்றுமில்லை, ஆனாலும் எதையோ பிடித்திருப்பதுபோல் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்திருந்தாள்.

"பத்து மணிக்கு அப்பா பக்கத்துல நின்னு முழு நிமிஷம் எண்ணினேன்க்கா. இருபத்தொண்ணு வந்துச்சு. இருபதுன்னு எழுதிட்டேன்."

அவளே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒற்றைப்படை எழுதினால் ஃபார்ம், ஃபார்ம் எழுதினால் மருத்துவர் வந்து இருபத்தொன்றுக்கெல்லாமா கூப்பிடுவாய் என்று எல்லோர் முன்னாலும் திட்டுவார், காரணம் எழுதென்றால் என்ன எழுதுவது, அந்த அரை மணி நேரத்தில் மற்ற கட்டில்களை யார் பார்ப்பது. வார்டில் ஒருத்தியும் இப்போது ஒற்றைப்படை எழுதுவதில்லை, ஒன்று கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவோம் என்றாள். அன்று காலை அப்பாவைப் பார்த்தபோதும் அவளுக்கு மனசுக்கு என்னமோ மாதிரி இருந்திருக்கிறது. மருத்துவரிடம் வாயால் சொன்னாளாம். தாளைப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறார் என்று போய்விட்டாராம்.

அவள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த ஃபார்மின் மூலையில் தயாரித்தவர் என்று என் பெயர் அச்சாகியிருக்கிறது. அவள் எழுதாமல் விட்ட எண்ணை, பன்னிரண்டரை மணிக்கு அந்தக் கட்டிலருகில் நின்று படித்திருக்கக்கூடியவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். என் அப்பாவுக்கான எச்சரிக்கையை நானே அழித்திருக்கிறேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"மாத்தி எழுதிரட்டுமாக்கா? வேல போனா போவட்டும்."

வேண்டாம் என்றேன். அவள்மேல் இரக்கப்பட்டு அப்படிச் சொன்னேன் என்று எழுதிவிட ஆசைதான். இரக்கமும் இருந்தது. ஆனால் இருபத்தொன்று என்று மாற்றினால், விதிப்படி அப்பாவின் பெயருக்கு ஒரு ஃபார்ம் இருந்திருக்க வேண்டும், அது ஏன் இல்லையென்று கூட்டத்தில் கேட்பார்கள், என் கெட்டிக்காரத்தனம் எல்லோர் முன்னாலும் அவிழும். அந்த வெட்கமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை.

அடுத்த கூட்டத்தில் ஃபார்மை எடுத்துவிடச் சொன்னேன். சான்று என்ன என்று கேட்டார்கள். ஃபார்ம் வந்த மாதத்திலிருந்து ஒற்றைப்படை எண்களே வார்டிலிருந்து மறைந்துபோன படத்தைக் காட்டினேன். உங்கள் அப்பா விஷயத்தில் மனம் பாதிக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று ஒருவர் மென்மையாகச் சொன்னார். பாதிக்கப்பட்டிருக்கிறேன், படமும் சரி என்றேன். ஃபார்மை எடுத்துவிட்டார்கள். ஒற்றைப்படை திரும்பி வரவில்லை. எழுதினால் வம்பு என்பதை ஒருமுறை கற்றுக்கொண்டவர்கள், இனி வம்பில்லை என்று சுற்றறிக்கை வந்ததும் நம்பிவிடுவார்களா என்ன. அந்த மிஸி ஆறு மாதத்தில் சிங்கப்பூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

நான் இன்னும் அந்த மூன்றாம் மாடியில்தான் இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புதிதாக வந்த தாள்களைச் சேர்த்து, கணக்கை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அதில் பெயர்கள் இருக்காது. ஆண், எழுபத்து நான்கு, இடுப்பெலும்பு அறுவை, மூன்றாம் நாள்: எந்த வரிசை என்று எனக்குத் தெரியும். நான் கண்டுபிடித்ததற்கு எதிராக அந்த வரிசை சாட்சி சொல்கிறது: இரட்டைப்படை மூச்சு விட்டவரும் இறந்தார், ஒற்றைப்படைக்குத் தனியாக அர்த்தம் ஒன்றும் இல்லை. அதை நீக்க எனக்கு அதிகாரம் உண்டு. பழுதான பதிவு என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள். நீக்கினால் அவர் அங்கிருந்தும் போய்விடுவார் என்று தோன்றுகிறது. இது மூடத்தனம் என்று எனக்கே தெரியும். நீக்கவில்லை.

கணக்கு ஓடி முடிய இருபது நிமிடம் ஆகும். முடிந்ததும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு வேளைக்கும் அது தன் கணிப்பை எழுதும். நான் கீழே இறக்கிக்கொண்டே போய் அப்பாவின் வரிசையில் நிற்பேன். அன்று காலை பத்து மணிக்கு, அவர் உயிரோடு இருக்கும்போது, தனக்குக் கொடுக்கப்பட்டதையெல்லாம் வைத்து அது ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறது: ஆபத்து குறைவு.